மன்றத்துப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்: மாலை ஏழு முதல் ஒன்பது வரை உங்கள் அறை வேண்டும்

வட சென்னையின் கேரம் மன்றங்களிலும் ஃபுட்பால் டீம்களிலும் பாக்ஸிங் கிளப்புகளிலும் இருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம். நான் கொருக்குப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். உங்களில் சிலர் டென்த் மார்க் ஷீட்டை என் கடையில்தான் பிரதி எடுத்திருப்பீர்கள். ரேஷன் கார்டு, ஆதார், சாதிச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் என்று இந்தப் பக்கத்துக் குடும்பங்களின் காகிதமெல்லாம் என் மெஷின் வழியாகப் போய் வந்ததுதான். ஓட்டர் ஐடியில் பெயர் தப்பு, லிஸ்டில் பெயரே இல்லை என்று வந்து நின்றவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கத் தொடங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. அப்புறம் அதுவே ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போகும் வேலையாகவும் வளர்ந்துவிட்டது. இப்போது ஆறு பேர் இருக்கிறோம். ஒருவர் ஓய்வு பெற்ற ஆசிரியை, ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார், இரண்டு பேர் கல்லூரியில் படிக்கும் பெண்கள், ஒருவர் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். எங்களுக்குப் பெயர்ப் பலகை கிடையாது. யாரும் எந்தக் கட்சியிலும் இல்லை.

அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டியதை மனுவாகக் கொடுத்துவிட்டோம். இந்த மடல் உங்களுக்கு. உங்களிடம் கேட்பது இதுதான்: தினமும் மாலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை உங்கள் மன்றத்தில் ஒரு மேசை, அதன்மேல் உங்கள் தெருவின் வாக்காளர் பட்டியல், பக்கத்தில் உங்களில் ஒருவர். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

எஸ்.ஐ.ஆர். என்று எல்லோரும் சொல்லும் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியல் 2025 டிசம்பர் 19 அன்று வந்தது. தமிழ்நாட்டில் சுமார் 6 கோடியே 41 லட்சம் பெயர்கள் இருந்த இடத்தில் சுமார் 5 கோடியே 43 லட்சம்தான் இருக்கின்றன. சென்னை மாவட்டத்தில் மட்டும் 40 லட்சம் சுமார் 26 லட்சமாகிவிட்டது. இந்தக் கணக்கைப் பார்த்து நான் கூச்சல் போட வரவில்லை. போனவர்களில் இறந்தவர்கள் நிறைய. ஊர் மாறிப் போனவர்கள் அதைவிட நிறைய. இரண்டு இடத்தில் பெயர் வைத்திருந்தவர்களும் உண்டு. அந்தப் பெயர்கள் போக வேண்டியவைதான். போன வருஷம்கூட, செத்துப்போய் எட்டு வருஷமான எங்கள் தெருத் தாத்தாவின் பெயர் லிஸ்டில் இருந்தது. ஆனால் அந்த 14 லட்சத்துக்குள் என் தெருவில் இன்று காலை தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இந்த மடல்.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். காசிமேட்டில் மீன் வெட்டுகிறார். விடிவதற்கு முன்பே ஏலம் நடக்கும் இடத்தில் இருக்க வேண்டும், அதனால் ராத்திரி இரண்டு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார். திரும்பி வரப் பதினொன்று, பன்னிரண்டு ஆகும். வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் மாலை ஐந்து மணி வரை இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். மகன் லாரியில் போகிறவர், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில். கணக்கெடுப்புப் படிவம் கொடுக்க அதிகாரி வந்த ஒவ்வொரு தடவையும் அந்த வீடு ஒன்று வெளியே பூட்டியிருந்தது, இல்லை உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. வரைவுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. நீக்கியவர்கள் பட்டியலில் தேடினோம். "நிரந்தரமாக இடம் மாறியவர்" என்று போட்டிருந்தது.

அந்த அம்மா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து 31 வருஷம் ஆகிறது. நான் அதைப் படித்துக் காட்டியபோது கோபப்படவில்லை, அழவும் இல்லை. "நான் எங்கேம்மா மாறினேன்? என் வேலை நேரம்தான் மாறியிருக்கு" என்றார்.

வந்துபோன அதிகாரியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பி.எல்.ஓ. என்று சொல்லப்படும் வாக்குச்சாவடி நிலை அலுவலர்களில் பலர் அங்கன்வாடிப் பணியாளர்கள், பள்ளி ஆசிரியர்கள், மாநகராட்சி ஊழியர்கள். தங்கள் சொந்த வேலைக்கு மேல் இதையும் சுமக்கிறவர்கள். நவம்பர் 4 அன்று தொடங்கிய வேலையின் நடுவில்தான் டிட்வா புயலின் மழையும் வந்தது. முழங்கால் தண்ணீரில் ஃபைலைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பெண்மணியை நானே பார்த்தேன். அவர் மூன்று தடவை வந்தார், மூன்று தடவையும் பகலில் வந்தார். சிக்கல் அங்கேதான். கணக்கெடுப்பு பகலில் நடக்கிறது, வட சென்னையோ பகலில் வீட்டில் இருக்காத ஊர்.

யோசித்துப் பாருங்கள். விசைப்படகில் போகிறவர் ஒருமுறை கிளம்பினால் கரைக்குத் திரும்ப ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில் யாராவது கணக்கெடுக்க வந்திருந்தால் காசிமேட்டு ஆம்பளைகள் அத்தனை பேரும் வலை பின்னிக்கொண்டு வாசலிலேயே கிடைத்திருப்பார்கள். வந்தது நவம்பரில். துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஓட்டுகிறவர் எண்ணூர் ரோட்டில் வரிசையில் நிற்கிறார். மணலியில் ஷிஃப்ட் பார்க்கிறவர் பகலில் தூங்குகிறார். வீட்டு வேலைக்குப் போகும் அக்காக்கள் ஐந்தரை மணிக்கே பஸ் ஏறிவிடுகிறார்கள். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் அதற்குள் தெருமுனையில் மேஸ்திரிக்காக நிற்கிறார்கள். பகல் பதினொரு மணிக்கு எங்கள் தெருவில் கதவைத் தட்டினால் பாட்டியும் பூனையும்தான் இருப்பார்கள்.

சட்டம் இவர்களைக் கைவிட்டிருக்கிறது என்று நினைக்காதீர்கள். 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 20-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் சாதாரணமாக எங்கே வசிக்கிறார் என்பதைப் பற்றியது. வழக்கமாக வசிக்கும் இடத்தை விட்டுத் தற்காலிகமாக வெளியே போயிருப்பதால் மட்டும் ஒருவர் அந்த இடத்தில் வசிப்பவர் இல்லை என்று ஆகிவிடாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. கடலுக்குப் போனவரும் லாரியில் போனவரும் இதில் அடங்குவார்கள். இன்னொன்றும் சொல்கிறேன், இது எனக்கு மிகவும் பிடித்த விதி. நடைபாதையில் வாழ்கிறவர்கள் வாக்காளராகப் பதிய வீட்டு முகவரிச் சான்று காட்ட வேண்டியதில்லை. அவர் சொன்ன இடத்தில் உண்மையிலேயே படுத்துத் தூங்குகிறாரா என்று அதிகாரி இரவில் வந்து பார்க்க வேண்டும். தேர்தல் ஆணையத்தின் நடைமுறையே இது. வால்டாக்ஸ் ரோட்டிலும் பாரிமுனைப் பக்கமும் மூன்று தலைமுறையாக நடைபாதையில் இருக்கும் குடும்பங்களை உங்களுக்குத் தெரியும். அவர்களுக்காக இரவில் வரலாம் என்று விதி இருக்கும்போது, இரவில் வேலைக்குப் போகிற மீன்கார அம்மாவுக்காக மாலையில் ஒருவர் வரக்கூடாதா? மனுவில் நாங்கள் கேட்டிருப்பது இதைத்தான்.

மனு மேல் நடவடிக்கை வரும்போது வரட்டும். அதுவரை மாலை நேரத்தில் தெருவில் விளக்கைப் போட்டு உட்கார்ந்திருப்பது யார்? நீங்கள்தான்.

ஏழு மணிக்கு உங்கள் ஷட்டர் மேலே போகும். டியூப் லைட் எரியும், போர்டில் பவுடர் கொட்டுவீர்கள். வேலை முடிந்து வந்தவர்கள் கைலியோடு வந்து உட்காருவார்கள். வாசல் படியில் இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்து, எந்தக் காயினை அடிக்க வேண்டும் என்று கேட்காமலே சொல்லிக்கொண்டிருப்பார்கள். பாக்ஸிங் கிளப் என்றால் சின்னப் பிள்ளைகள் கயிறு தாண்டிக்கொண்டிருப்பார்கள், அம்மாக்கள் வெளியே காத்திருப்பார்கள். தெருவே அந்த இரண்டு மணி நேரம் உங்கள் வாசல் வழியாகத்தான் போய் வருகிறது. எந்த அரசு அலுவலகத்துக்கும் இப்படி ஒரு வாசல் கிடையாது.

சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். போன மாதம், நீக்கப்பட்டவர்கள் பட்டியலில் ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெரு கேரம் மன்றத்துக்குப் போனேன். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. தயக்கத்தோடு ஒவ்வொரு பெயராக வாசித்தேன். "இவரு போன பொங்கலுக்கு முன்னாடியே தவறிட்டாரு." "இவங்க பெரும்பாக்கம் போயிட்டாங்க." "இது நம்ம பால் போடுற அண்ணன், மாடியில இருக்காரு, காலையிலகூடப் பார்த்தேன்." இப்படியே போனது. அரை மணி நேரத்தில் அந்தப் பக்கத்தில் பதில் இல்லாத பெயர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டன. ஒரு மாதம் கதவு தட்டியும் எனக்குக் கிடைக்காத விவரம் அது. அன்றைக்கே இந்த மடலை எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இது பெரிய காரியம், நம்மால் ஆகுமா என்று மலைக்க வேண்டாம். 14 லட்சம் என்ற எண்ணை மறந்துவிடுங்கள். வாக்காளர் பட்டியல் பாகம் பாகமாகத்தான் இருக்கிறது, ஒரு வாக்குச்சாவடிக்கு ஒரு பாகம். இப்போது ஒரு வாக்குச்சாவடிக்கு 1,200 பேருக்கு மேல் போகக் கூடாது என்று ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. 1,200 பேர் என்றால் எங்கள் பக்கத்தில் இரண்டு மூன்று தெருக்கள், ஒரு குடியிருப்பில் சில பிளாக்குகள். ஒரு மன்றத்தில் பதினைந்து பேர் இருந்தால், அந்த 1,200 பேரில் முகம் தெரியாதவர் யாராவது இருப்பாரா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம் வந்தபோது இதைக் கண்ணால் பார்த்தோம். கரண்ட் இல்லை, ஃபோன் இல்லை. எந்த மாடியில் படுத்த படுக்கையாக யார் இருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று எந்தப் பட்டியலையும் பார்க்காமல் படகை நேராக அந்த வாசலுக்கே தள்ளிக்கொண்டு போனது மன்றத்துப் பிள்ளைகள்தான். அன்றைக்கு உங்கள் தலையில் இருந்த அந்தப் பட்டியல்தான் இன்றைக்கும் வேண்டும்.

மாலையில் கூடிப் பேசும் இடங்களுக்கு நம் பக்கத்தில் ஒரு பழைய கதையும் இருக்கிறது. பெரம்பூரில் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் சமயச் சொற்பொழிவுக்காக ஒரு சபை நடத்திவந்தார்கள். பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) துணி மில் தொழிலாளர்கள் வேலை முடிந்து அங்கே வருவார்கள். பேச்சு மெதுவாக மில்லில் படும் பாட்டின் பக்கம் திரும்பியது. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. தேசிய இயக்கத்தைச் சேர்ந்த பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. உடன் நின்றார். இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று அது. திரு.வி.க. நகர் என்று நாம் ஓட்டுப் போடும் தொகுதிக்குப் பெயர் வந்தது அந்தத் திரு.வி.க.வால்தான். சபைக்கு வந்தவர்கள் யாரும் சங்கம் கட்டப் போகிறோம் என்று வந்தவர்கள் இல்லை.

சரி, மேசை போட்டாயிற்று. என்ன செய்வது?

முதலில் உங்கள் பாகத்தின் வரைவுப் பட்டியலை எடுங்கள். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் பாகம் வாரியாக இருக்கிறது. நீக்கியவர்களின் பட்டியலும் காரணத்தோடு வெளியாகியிருக்கிறது, அதையும் எடுங்கள். வருகிறவர் பெயரைத் தேடிக் காட்டுங்கள். கையில் ஓட்டர் ஐடி இருக்கிறதே, அப்புறம் என்ன என்று பலர் கேட்பார்கள். இதைத்தான் அதிகம் விளக்க வேண்டியிருக்கும். கார்டு இருந்தாலும் லிஸ்டில் பெயர் இல்லை என்றால் ஓட்டு இல்லை. லிஸ்டில் பெயர் இருந்தால், கார்டு தொலைந்திருந்தாலும் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் கார்டு என்று வேறு அடையாளத்தைக் காட்டி ஓட்டுப் போடலாம்.

பெயர் இல்லாதவர் படிவம் 6 கொடுக்க வேண்டும், கூடவே உறுதிமொழிப் படிவமும். ஆட்சேபணைக்கும் கோரிக்கைக்கும் 2026 ஜனவரி 18 கடைசி நாள் என்று அறிவித்திருக்கிறார்கள். நடுவில் பொங்கல் வருகிறது, பாதித் தெரு ஊருக்குப் போய்விடும், அதனால் இந்த வாரம்தான் உண்மையில் நம் கையில் இருக்கிறது. படிவம் 6-இன் தலைப்பில் புதிய வாக்காளருக்கான விண்ணப்பம் என்று இருக்கும். என் கடைக்கு வந்த 62 வயதுக்காரர் அதைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எம்.ஜி.ஆர். காலத்துல இருந்து ஓட்டுப் போடுறேன், நான் புதுசா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த வருத்தம் நியாயமானது. அவரை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, கால் மணி நேரம் பேசின பிறகுதான் கையெழுத்துப் போட்டார். இப்படி உட்காரவைத்துப் பேசுவதை ஆன்லைனில் செய்ய முடியாது. உங்கள் மேசையில் செய்யலாம்.

பட்டியலில் பெயர் இருக்கிறது, முகவரியோ எழுத்தோ தப்பு என்றால் படிவம் 8. வீடு மாறியவருக்கும் அதேதான். விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டால் அத்தோடு முடிந்தது என்று யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். 15 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், அதிலும் சரியாகவில்லை என்றால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். உத்தரவின் பிரதியை மட்டும் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தத் திருத்தத்தில் 2002, 2005-ஆம் ஆண்டுப் பட்டியலோடு ஒவ்வொருவரையும் பொருத்திப் பார்க்கிறார்கள். அப்போது தன் பெயர் இல்லை என்றால் அப்பா, அம்மா பெயரைக் காட்ட வேண்டும். பொருந்தாதவர்களுக்கு நோட்டீஸ் வரும், விசாரணைக்குப் போக வேண்டும். திண்டிவனம் பக்கமிருந்தோ பொன்னேரியிலிருந்தோ இங்கே கல்யாணமாகி வந்த பெண், இருபது வருஷத்துக்கு முன்னால் தன் அப்பா எந்தத் தொகுதியில் எந்தப் பாகத்தில் இருந்தார் என்று எப்படிச் சொல்வார்? சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவருக்கும் சிக்கல்தான். 2008 தொகுதி மறுசீரமைப்புக்கு முன்பு கொளத்தூர் என்ற தொகுதியும் இல்லை, திரு.வி.க. நகர் என்ற தொகுதியும் இல்லை. பூங்கா நகர், புரசைவாக்கம் என்று தேட வேண்டும், இன்றைக்கு அந்தப் பெயரில் தொகுதியே கிடையாது. தேடிப் பிடிக்க ஃபோனும் நேரமும் பொறுமையும் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒரு அக்காவின் அப்பா பெயரைத் தேட எங்கள் கல்லூரிப் பெண்ணுக்கு இரண்டு மாலைகள் ஆயின. இனிஷியல் வேறு, பெயரை எழுதிய விதம் வேறு, வயதும் நான்கு வருஷம் தள்ளி. கிடைத்தபோது அந்த அக்கா, "அப்பா பேரை அச்சுல பார்த்து எவ்ளோ நாள் ஆச்சு" என்று சொல்லி அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு போனார்.

ஆனால் அந்த அக்கா உங்கள் மன்றத்துக்குள் வர மாட்டார். இதை உங்களிடம் நேராகச் சொல்லிவிடுகிறேன். கேரம் கிளப் ஆம்பளைகள் இடம் என்றுதான் இன்றைக்கும் பெண்கள் நினைக்கிறார்கள், நினைக்கும்படித்தான் நீங்களும் வைத்திருக்கிறீர்கள். செரியன் நகர் காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தபோது வட சென்னையே கொண்டாடியது. உங்கள் மன்றத்துச் சுவரிலும் அந்தப் படம் இருக்கும். போர்டு முன்னால் எத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்? அதனால் மேசையை வாசலுக்கு வெளியே போடுங்கள், விளக்கு வெளிச்சத்தில். வாரத்தில் மூன்று நாளாவது மேசையில் ஒரு பெண் இருக்கட்டும். உங்கள் தங்கையாக இருக்கலாம், பாக்ஸிங் பழகும் பெண்ணாக இருக்கலாம், பக்கத்து வீட்டு டீச்சராக இருக்கலாம். அங்கே சிகரெட் வேண்டாம். அந்த இரண்டு மணி நேரம் கெட்ட வார்த்தையும் வேண்டாம்.

இடம் மாறிப் போனவர்கள் விஷயம் இதைவிடக் கஷ்டமானது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் தென்கோடிக் குடியிருப்புகளுக்கு ஆற்றோரத்திலிருந்தும் கால்வாய் ஓரத்திலிருந்தும் அனுப்பப்பட்ட குடும்பங்கள் நம் பக்கத்திலிருந்தும் போயிருக்கின்றன. உடம்பு அங்கே, வேலையும் மனசும் இங்கே. ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடி கிரவுண்டில் ஆட வரும் பையன்களில் சிலர் விடியற்காலையில் பெரும்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். ஓட்டாவது இங்கேயே இருக்கட்டும் என்று பல குடும்பங்கள் முகவரியை மாற்றாமலே வைத்திருந்தன. இந்தத் தடவை அந்தப் பெயர்கள் இங்கே போய்விட்டன, அங்கே சேரவும் இல்லை. எந்த ஊரிலும் இல்லாத வாக்காளர்களாக நிற்கிறார்கள்.

இவர்களிடம் நான் சொல்வது எனக்கே கஷ்டமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். பெயரை அங்கே சேருங்கள். பெரும்பாக்கத்தில் தண்ணீர் வரவில்லை, லிஃப்ட் ஓடவில்லை என்றால் அதைக் கேட்க வேண்டியது அந்தத் தொகுதி எம்.எல்.ஏ.விடம்தான். ஓட்டு இங்கே இருக்கும்வரை அங்கே உங்களை ஒரு குடும்பமாக யாரும் எண்ண மாட்டார்கள். சட்டமும் வசிக்கும் இடத்தில்தான் பதியச் சொல்கிறது. இரண்டு இடத்தில் பெயர் வைக்கச் சட்டத்தில் இடமில்லை, தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுப்பது குற்றம். ஆனால் பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்பை இடித்துக் கட்டுகிறார்கள் என்று வாடகை வீட்டுக்குப் போய்க் காத்திருக்கிறவர்கள் வேறு. திரும்பி வரப்போகிற வீடு அது. ஒதுக்கீட்டு ஆணையை எடுத்துக்கொண்டு போய் வாக்காளர் பதிவு அலுவலரிடம் நேரில் பேசச் சொல்லுங்கள், நீங்களும் கூடப் போங்கள். உங்கள் ஆசையை வைத்துப் படிவத்தை நிரப்பாதீர்கள்.

இனி, எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்கள். ஓட்டு என்று சொல்லிக் கதவைத் தட்டினால் முதலில் வரும் கேள்வி "எந்தக் கட்சி?". இரண்டாவது கேள்வி என்னவென்று உங்களுக்கும் தெரியும். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் பணப்பட்டுவாடாவால் ரத்தாகி, டிசம்பரில்தான் நடந்தது. அந்த நினைவு இன்னும் இந்தத் தெருக்களில் இருக்கிறது. உங்கள் மன்றங்களுக்குத் தேர்தல் நேரத்தில் போர்டும் ஜெர்சியும் டிராஃபியும் எங்கிருந்து வருகின்றன என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதை விடுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் மேசை போட்டிருக்கும் நாட்களில் அந்த அறையில் எந்தக் கட்சியின் கொடியும் ஸ்டிக்கரும் இருக்கக் கூடாது. நாம் எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்துவிட்டால், எதிர்ப் பக்கத்துக்காரர் வீட்டுப் பாட்டி தன் பெயரைத் தேட உங்களிடம் வர மாட்டார். அவர் பெயரும் நமக்கு முக்கியம்.

யாருடைய ஆதார் நகலையும் மன்றத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஓ.டி.பி. கேட்டு நீங்களே அழுத்தாதீர்கள், அவர் கையால் அவரே போடட்டும். படிவங்களைக் கட்டாகச் சேர்த்து நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கவும் முடியாது, மொத்தமாக வாங்க மாட்டார்கள். அவரவர் கையெழுத்து, அவரவர் கையால் கொடுப்பது, ஒப்புகையை அவரவர் வாங்கி வைப்பது. அப்புறம், பெயரை நீக்கக் கோரும் படிவம் 7-ஐ மேசையில் வைக்கவே வேண்டாம். தெருச் சண்டைக்கும் வாய்க்கால் தகராறுக்கும் அதைப் பயன்படுத்திக்கொள்ளும் ஆட்கள் வருவார்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி. போன மாதம் நான் போன மன்றத்தில் பெயர்களை வாசித்து முடித்த பிறகு, அங்கே இருந்தவர்களின் பெயர் லிஸ்டில் இருக்கிறதா என்று கேட்டேன். அதுவரை எல்லோருக்கும் பதில் சொன்ன பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள். பதிவே செய்யவில்லை. ஓட்டு வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைத்தது 1989-இல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் அப்பாக்களுக்குக் கிடைத்த அந்த மூன்று வருஷத்தை நீங்கள் சும்மா விடுகிறீர்கள். முன்பெல்லாம் ஜனவரி 1-க்குள் 18 முடிந்திருந்தால்தான் உண்டு. இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு தகுதி நாட்கள் இருக்கின்றன. 17 முடிந்தவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். மேசையில் நிரப்பும் முதல் படிவம் மன்றத்துச் செயலாளருடையதாக இருக்கட்டும்.

வருகிற ஞாயிறு 11-ஆம் தேதி காலை பத்து மணி முதல் கடையில் இருப்பேன். உங்கள் பாகம் எண்ணைத் தெரிந்துகொண்டு வாருங்கள். வரைவுப் பட்டியல், நீக்கியவர்கள் பட்டியல், படிவம் 6, 8, உறுதிமொழிப் படிவம் எல்லாவற்றையும் பிரதி எடுத்து வைக்கிறேன், காசு வேண்டாம். படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு எங்கள் ஆசிரியை அங்கேயே சொல்லித் தருவார். மீன் வெட்டும் அம்மாவும் அன்றைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஏலம் முடிந்து வர அவருக்குப் பன்னிரண்டு மணி ஆகும், அதுவரை யாராவது இருங்கள்.

அன்புடன்,
ஜெராக்ஸ் கடை அக்கா
கொருக்குப்பேட்டை
5 ஜனவரி 2026